அடிபட்ட கார் வாங்கலாமா?

மாடு வாங்கப் போகிறவர் முதலில் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். சுழி பார்க்கிறார். மடியைத் தடவிப் பார்க்கிறார். கறவை மாடு என்றால் காலையிலும் மாலையிலும் கறக்கச் சொல்லி, பாலைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பணத்தை எண்ணுகிறார். தோட்டத்தில் மாடு வளர்த்த நம் பெரியவர்களுக்கு இதையெல்லாம் எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆனால் அதே பெரியவரின் பேரப்பிள்ளை, மாட்டைப்போல் பல மடங்கு விலையுள்ள பழைய காரை வாங்கப் போகும்போது எதைப் பார்க்கிறார்? சாயம் பளபளக்கிறதா, புகைக்குழல் உறுமுகிறதா, சக்கரம் அகலமாக இருக்கிறதா... இவ்வளவுதான்! அதிலும் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லிவிட்டால் கண் இருந்தும் தெரிவதில்லை.

நான் சுங்கை பட்டாணியில் ஒரு தகரப் பட்டறையில் 32 ஆண்டுகள் வேலை செய்தவன். நசுங்கிய கார்களைத் தட்டி, இழுத்து, பட்டி பூசி, சாயம் அடித்து அனுப்புவதே எங்கள் தொழில். ஒழுங்காகச் செய்த வேலையையும் பார்த்திருக்கிறேன். ஊரை ஏமாற்றச் செய்த வேலையையும் பார்த்திருக்கிறேன். எப்படி மறைப்பார்கள் என்று தெரிந்தவனுக்குத்தானே எங்கே தேட வேண்டும் என்பதும் தெரியும்! அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அடிபட்ட கார் எல்லாம் ஆகாத கார் அல்ல. இருபது வயதைத் தாண்டிய ஸ்போர்ட்ஸ் காரில் ஒரு கீறலும் படாதது வேண்டும் என்றால் ஊர் ஊராக அலைய வேண்டியதுதான். இந்தக் கார்கள் பெரும்பாலும் இளைஞர் கையில் வேகமாக ஓடியவை. எங்காவது இடித்திருக்கும், எவராவது வந்து இடித்திருப்பார்கள். ஆகவே, "அடிபட்டதா?" என்ற கேள்வியோடு நின்றுவிடக் கூடாது. "எங்கே அடிபட்டது? எப்படிச் சரி செய்தார்கள்? அதை ஒளிக்காமல் சொல்கிறார்களா?" என்று மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

அக்காள் மகனின் ஆசை

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் அக்காள் மகன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். "மாமா, இந்த மாதிரி காடி இனிமே கெடைக்காது. பட்டர்வொர்த்துல இருக்கு. 28 ஆயிரம் கேக்கறாங்க" என்றான்.

படத்தில் இருந்தது புரோட்டோன் சத்ரியா ஜி.டி.ஐ. மூன்று கதவுக் கார். 1985-ல் சாகா காரை வெளியிட்ட நம் நாட்டு புரோட்டோன் நிறுவனம், 1996-ல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தைத் தன் வசமாக்கியது. அந்த லோட்டஸ் பொறியியலாளர்கள் அடித்தளத்தையும் ஸ்பிரிங்குகளையும் சீர்படுத்திக் கொடுக்க, 1990-களின் இறுதியில் வெளிவந்த கார் இது. 1.8 லிட்டர் இயந்திரம், ஏறத்தாழ 140 குதிரைச் சக்தி. சத்ரியா என்ற மலாய்ச் சொல் நம் 'சத்திரியன்' என்ற சொல்லோடு உறவுடையது. போர்வீரன் என்று பொருள். நம் நாட்டு இளைஞர்களுக்கு இந்தக் காரின் மீது இன்றும் ஒரு மயக்கம் உண்டு. பையனைக் குற்றம் சொல்வதற்கில்லை. அழகான கார்தான்!

ஆனால் பணம் யாருடையது? பழைய கார் என்பதால் வங்கிக் கடன் கிடைக்காது. முழுத் தொகையும் ரொக்கமாக வேண்டும். பையன் தொழிற்சாலையில் மிகைநேர வேலை பார்த்துச் சேர்த்தது 12 ஆயிரம் வெள்ளி. மீதி 16 ஆயிரத்தை அக்காவிடம் கேட்டான். அக்கா 34 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில் நிறை நிறையாக நடந்து சேர்ந்த சேமநிதிப் பணம் அது. 55 வயதில் எடுத்து, தோட்டத்து வீட்டை விட்டு வெளியேறும் நாளுக்காக வைத்திருந்தார். கொடுக்கவும் மனம் வரவில்லை. ஒரே மகனுக்கு இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"தம்பி, நீ பாத்துச் சொல்லு. நீ சரின்னா சரி" என்று அக்கா என் தலையில் வைத்துவிட்டார்.

நான் இரண்டு நிபந்தனைகள் போட்டேன். ஒன்று, காலை வெளிச்சத்தில், மழை இல்லாத நாளில்தான் பார்ப்பேன். நனைந்த காரில் சாயத்தின் குறை தெரியாது. இரவு விளக்கில் எந்தக் காரும் மாப்பிள்ளை மாதிரிதான் இருக்கும். இரண்டு, நாங்கள் வரும்வரை இயந்திரத்தை முடுக்கக் கூடாது. சூடான இயந்திரம் பல நோய்களை மறைத்துவிடும். "அக்கா, நீங்களும் வாங்க. பணம் உங்களோடது" என்று அவரையும் அழைத்துக் கொண்டேன்.

முதலில் காகிதம்

கடைக்காரரிடம் அடிபட்ட விவரம் கேட்டேன். "சின்ன அடிதான் அங்கிள். முன்பக்கம் மட்கார்டு மட்டும் மாத்தியிருக்கு" என்றார். என் 32 ஆண்டு அனுபவத்தில் பெரிய அடி என்று சொல்லி விற்றவரை நான் பார்த்ததில்லை. எல்லாம் சின்ன அடிதான்!

சரி, காகிதம் எங்கே? 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, விபத்து நடந்தால் 24 மணி நேரத்திற்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். காப்புறுதிப் பணத்தில் பழுது பார்த்திருந்தால் மதிப்பீட்டாளர் எடுத்த படங்களும், மாற்றிய பாகங்களின் பட்டியலும், பட்டறைக் கணக்கும் இருக்கும். இவை கையில் இருந்தால் பாதிக் கதை வெளிச்சத்துக்கு வந்துவிடும். எங்களிடம் ஒரு தாளும் காட்டவில்லை. "பழைய ஓனர் வச்சிருப்பார்" என்பது பதிலாக இருந்தது.

அடுத்து, நாம் கிராண்ட் என்று சொல்லும் உரிமைச் சான்றிதழ். அதில் உள்ள சேசிஸ் எண்ணும் இயந்திர எண்ணும் காரில் வெட்டப்பட்டுள்ள எண்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எண்ணைச் சுற்றித் தகரம் வெட்டி ஒட்டிய தடம் இருந்தாலோ, எழுத்துகள் ஏறுமாறாக இருந்தாலோ அங்கேயே கும்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டும். சத்ரியா ஜி.டி.ஐ. விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. சாதாரண சத்ரியாவுக்கு ஜி.டி.ஐ. பம்பரும் சின்னமும் மாட்டி அதே பெயரில் விற்பவர்கள் இருக்கிறார்கள். புலி வேடம் போட்டால் புலியாகிவிடுமா? இந்தக் கார் உண்மையான ஜி.டி.ஐ.தான். எண்களும் சரியாக இருந்தன. பையன் முகத்தில் ஒரே வெளிச்சம்.

வாகனப் பரிசோதனை நிலையத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "பெயர் மாற்றும்போது சோதனை செய்துதானே விடுகிறார்கள், அப்புறம் என்ன பயம்?" என்று பலர் கேட்கிறார்கள். அந்தச் சோதனை அவசியமானது. கார் இந்தக் கார்தானா, எண்கள் சரியா, சாலையில் ஓடத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஆனால் காரின் பழைய விபத்துக் கதையை அவர்கள் எழுதித் தருவதில்லை. வாங்குகிறவர் பார்க்க வேண்டியதை வாங்குகிறவர்தான் பார்க்க வேண்டும்.

சட்டை வேறு, எலும்பு வேறு

காரின் உடம்பைப் பற்றி இரண்டு வார்த்தை. லோரிக்கு அடியில் தனியாக இரும்புச் சட்டம் இருக்கிறது, மேலே கூண்டு. இப்போதைய கார்களில் அப்படி இல்லை. தகரத்தை மடித்து, புள்ளி புள்ளியாக வெல்டிங் வைத்து, முழு உடம்பையும் ஒரே கூடாகச் செய்கிறார்கள். அந்தக் கூட்டுக்கு வெளியே திருகாணி போட்டு மாட்டியவை முன் மட்கார்டு, இயந்திர மூடி, கதவு, பம்பர் ஆகியவை. இவை சட்டை மாதிரி. கிழிந்தால் வேறு போட்டுக் கொள்ளலாம். காரின் பலத்துக்குப் பெரிய குறைவு இல்லை.

உள்ளே இருப்பது எலும்பு. இயந்திரத்தைத் தாங்கும் இரண்டு நீளக் கட்டைகள், ஸ்பிரிங் நிற்கும் கோபுரங்கள், கதவுத் தூண்கள், கதவுக்கு அடியில் ஓடும் கட்டை, பின்புறத் தரை, கூரை. இவற்றில் அடிபட்டால்தான் ஆபத்து.

வீட்டில் காலியான அலுமினியக் குளிர்பான டின்னை நிமிர்த்தி வைத்து, அதன்மேல் ஒரு சிறு பிள்ளையை மெதுவாக ஏற்றி நிறுத்துங்கள், தாங்கும். அதே டின்னின் பக்கத்தில் விரலால் ஒரு நெளிவு ஏற்படுத்திவிட்டு நிறுத்துங்கள், மடங்கிவிடும். நெளிவைத் தட்டி நிமிர்த்திவிட்டாலும் பழைய பலம் வராது. கார் எலும்பும் அப்படித்தான். விபத்தில் முன்னும் பின்னும் நசுங்கி, அடியின் வேகத்தை வாங்கிக் கொண்டு, ஆள் உட்காரும் கூட்டைக் காப்பாற்றும்படி கணக்குப் போட்டுச் செய்திருக்கிறார்கள். ஒருமுறை நசுங்கி நிமிர்த்திய இடம் அடுத்த முறை அந்தக் கணக்குப்படி நசுங்காது.

கண்ணால் பார்த்தது

முதலில் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே உயரமா? சக்கரம் தன் குழிக்குள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நிற்கிறதா? பிறகு நெருங்கிப் போய், இயந்திர மூடிக்கும் மட்கார்டுக்கும் இடையே உள்ள சந்து, கதவைச் சுற்றிய சந்து எல்லாவற்றையும் பார்த்தேன். வலப்பக்கம் எவ்வளவோ இடப்பக்கமும் அவ்வளவு இருக்க வேண்டும். ஒருபுறம் விரல் நுழைந்து, மறுபுறம் தாள்கூட நுழையாவிட்டால் அங்கே கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

மூடியைத் திறந்து மட்கார்டு திருகாணிகளைப் பார்த்தேன். கம்பெனியில் முடுக்கிய பிறகு சாயம் அடிப்பதால் திருகாணியின் தலை முழுதும் சாயம் மூடியிருக்கும். ஒருமுறை கழற்றினாலும் ஸ்பேனர் பட்ட மூலைகளில் சாயம் உடைந்துவிடும். முன்பக்கம் இரண்டு மட்கார்டும் கழற்றி மாட்டியவைதான். குளிர்நீர்த் தொட்டியைத் தாங்கும் குறுக்குத் தகரமும் புதியது. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த நீளக் கட்டைகளில் சுருக்கம் இல்லை; மடிப்பு இல்லை; வெல்டிங் புள்ளிகள் சிறு வட்டக் குழிகளாகச் சீரான இடைவெளியில் இருந்தன. ஆக, முன்பக்கம் கடைக்காரர் சொன்னது பெரும்பாலும் உண்மை. சட்டைதான் கிழிந்திருக்கிறது.

கண்ணாடிகளின் மூலையில் உள்ள முத்திரையையும் பார்க்க வேண்டும். எல்லாக் கண்ணாடியும் ஒரே நிறுவனத்துடையதாக, ஒரே காலத்தை ஒட்டியதாக இருக்க வேண்டும். இந்தக் காரில் பின்பக்க இடது கண்ணாடி மட்டும் வேறு முத்திரை. கல் பட்டு உடைந்திருக்கலாம். அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மனதில் குறித்துக் கொண்டேன்.

கையால் பார்த்தது

நான் பின்பக்கம் வருமுன்னே அக்கா அங்கே நின்று, இடது பின் சக்கரத்துக்கு மேலே உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவிக் கொண்டிருந்தார்.

"தம்பி, இங்க தொட்டுப் பாரு. காயம் பட்ட மரம் மாதிரி இருக்கு" என்றார்.

எனக்கே வியப்பாக இருந்தது. பால்மரத்தில் கத்தி ஆழமாகப் போய்க் கட்டையைத் தொட்டுவிட்டால், அந்த இடத்தில் மறுபட்டை மொழுமொழுவென்று வராது. முண்டும் முடிச்சுமாக வரும். மேலுக்கு ஆறினது போலத் தெரிந்தாலும் கை வைத்தால் தெரிந்துவிடும். இருட்டில் மரத்தைத் தொட்டே வெட்டியவரின் கை அல்லவா!

நானும் தொட்டுப் பார்த்தேன். வலப்பக்கம் தகரம் ஒரே ஓட்டமாக ஓடியது. இடப்பக்கம் லேசான அலை. சாயத்தில் ஆரஞ்சுத் தோல் போன்ற புள்ளிகள் மற்ற இடத்தைவிடத் தடிப்பாக இருந்தன. துணியில் சுற்றிய காந்தத்தை எடுத்து வைத்தேன். வலப்பக்கம் பிடித்தது; இடப்பக்கம் வழுக்கி விழுந்தது. அடியில் தகரம் தூரத்தில் இருக்கிறது; நடுவில் பட்டி. சாயத்தின் தடிப்பை அளக்கும் சிறு கருவியும் வைத்திருக்கிறேன். கம்பெனிச் சாயம் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரோன் வரை காட்டும். 300-ஐத் தாண்டினால் மறுசாயமோ பட்டியோ உண்டு என்று சந்தேகப்படலாம். இங்கே 1,000-ஐத் தாண்டியது.

இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. மேல் தகரத்தில் பட்டி பூசியது பெரிய குற்றம் இல்லை. அதற்கு அடியில் என்ன?

பின்பெட்டியின் விரிப்பைத் தூக்கி, மாற்றுச் சக்கரத்தை வெளியே எடுக்கச் சொன்னேன். கடைக்காரர் முகம் கொஞ்சம் மாறியது. "யாரும் இவ்வளவு பாக்க மாட்டாங்க அங்கிள்" என்றார். நான் சிரித்துக்கொண்டே, "எனக்குப் பொழுது நிறைய இருக்கு தம்பி" என்றேன்.

சக்கரம் கிடக்கும் குழியின் இடது விளிம்பில் தகரம் துணி கசங்கியது போலச் சுருங்கியிருந்தது. வலப்பக்கம் கம்பெனி வெல்டிங் புள்ளிகள் வரிசையாக இருக்க, இடப்பக்கம் அவை காணாமல் போயிருந்தன. அதற்குப் பதில், நத்தை ஊர்ந்தது போல ஒரு நீள வெல்டிங். அதன்மேல் விரலால் இழுத்துப் பூசிய பசை. அதன்மேல் கறுப்புச் சாயம். கதவோரத்து ரப்பரை லேசாக இழுத்துப் பார்த்தேன். அங்கேயும் ஓர் ஒட்டு. வேறொரு காரின் பின் இடது பாகத்தை வெட்டி எடுத்து வந்து இதில் ஒட்டியிருக்கிறார்கள்.

நம் நாட்டில் ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்கும் கார்களை 'ஹாப்-கட்' என்கிறோம். அதிலிருந்து இயந்திரமோ கியர்ப் பெட்டியோ கழற்றிப் பயன்படுத்துவது வேறு. உடம்பையே வெட்டி இன்னோர் உடம்போடு ஒட்டுவது வேறு.

அளந்ததும் ஓட்டியதும்

பையனின் முகம் வாடிப் போயிருந்தது. ஆனாலும் அவன் மனம் ஒப்பவில்லை. "மாமா, நல்லா வெல்டிங் வச்சிருந்தா பரவாயில்லதானே?" என்றான். நியாயமான கேள்விதான். ஆத்திரப்படாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

நாடாவை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடு வரை அளக்கச் சொன்னேன். வலப்பக்கத்தைவிட இடப்பக்கம் 14 மில்லிமீட்டர் குறைவு. அவனே இரண்டாவது முறையும் அளந்தான். அதே 14.

பிறகு கடைக்காரரின் அனுமதியோடு நேரான சாலையில் ஓட்டிப் பார்த்தோம். குளிர்ந்த இயந்திரம் ஒரே முடுக்கில் எழுந்தது, புகை இல்லை. இரண்டாம் கியர் இறங்கும்போது உராயவில்லை. ஆனால் கார் நேராகப் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கைச் சற்று வலப்பக்கம் பிடிக்க வேண்டியிருந்தது. பிரேக் போட்டால் பின்பக்கம் மெல்ல ஒதுங்கியது. தரையில் தண்ணீர் ஊற்றி அதன்மேல் நேராக ஓட்டி, ஈரத் தடத்தைப் பார்த்தோம். முன் சக்கரத் தடத்தோடு ஒப்பிட்டால் பின் தடம் ஒருபக்கம் தள்ளி விழுந்திருந்தது. நண்டு நடை என்று பட்டறையில் சொல்வோம். முகம் ஒரு பக்கம், போவது ஒரு பக்கம்!

காற்றுப்பை உள்ள கார்களில் இன்னொரு சோதனை உண்டு. சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கைப் பிடுங்கியிருக்கலாம். அணையவில்லை என்றால் உள்ளே கோளாறு. பாதுகாப்பு வாரையும் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். பெரிய அடியில் இறுகிய வார் நைந்தோ அலை அலையாகவோ இருக்கும்.

விலை குறைந்தால் எலும்பு நிமிருமா?

திரும்பி வந்ததும் கடைக்காரர் தாமாகவே 25 ஆயிரம் என்றார். நாங்கள் பேசாமல் நின்றோம். 22 ஆயிரம் என்றார். பையன் என்னைப் பார்த்தான். ஆறாயிரம் வெள்ளி இறங்கிவிட்டது! எந்த இளைஞனுக்கும் அந்த நேரத்தில் மனம் தடுமாறும்.

நான் அவனைத் தனியே அழைத்துச் சொன்னேன்: "இயந்திரம் கெட்ட கார்னா விலையைக் குறைச்சு வாங்கிச் செய்யலாம். கியர்ப் பெட்டி, கிளட்ச், டயர் எல்லாத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. கோணிப்போன உடம்புக்கு என்ன கணக்கு? பின் இருக்கைக்கு அடியில பெட்ரோல் தொட்டி இருக்கு. பக்கத்துலயே அந்த ஒட்டு. நெடுஞ்சாலையில 110-ல போறப்போ பின்னால ஒரு லோரி இடிச்சா, அந்த ஒட்டு தாங்கும்னு நான் எழுதித் தர மாட்டேன். உங்க அம்மாவை எந்த இருக்கையில உக்கார வைப்ப?"

அவன் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் காரையே பார்த்துக் கொண்டிருந்தான். பிறகு கடைக்காரரிடம் போய், "வேணாம் அண்ணே" என்று அவனே சொன்னான். நான் சொல்லியிருந்தால் என் மேல் கோபம் இருந்திருக்கும். அவனே அளந்து, அவனே பார்த்து, அவனே சொன்னதால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. வழியில் மூவரும் தே தாரே குடித்தோம். அக்காதான் பணம் கொடுத்தார்.

அடிபட்டதென்று தெரிந்தே வாங்கியது

ஐந்து மாதம் கழித்து இன்னொரு சத்ரியா ஜி.டி.ஐ. வந்தது. இதுவும் அடிபட்ட கார்தான்! ஆசிரியர் ஒருவர் வைத்திருந்தது. "2011-ல் சந்திப்பில் ஒரு வேன் இடது முன்பக்கம் இடித்தது" என்று நாங்கள் கேட்கும் முன்பே சொன்னார். போலீஸ் புகாரின் நகல், நசுங்கிய நிலையில் எடுத்த படங்கள், பட்டறைக் கணக்கு எல்லாம் ஒரு கோப்பில் இருந்தன. மட்கார்டு, விளக்கு, இடது கீழ்க்கை, பம்பர் மாற்றம். படத்தில் நீளக் கட்டை நேராக இருந்தது. காரிலும் நேராக இருந்தது. இரண்டு பக்க அளவும் ஒன்றாக வந்தது. தெரிந்த பட்டறையில் சில வெள்ளி கொடுத்துக் காரை உயரத் தூக்கி அடிப்பாகத்தையும் பார்த்தோம். ஒரு பக்கம் மட்டும் புதுக் கறுப்புச் சாயம் அடித்த தடம் இல்லை.

சாயம் மங்கல், இருக்கை கிழிசல், டைமிங் பெல்ட் மாற்ற வேண்டிய நிலை. அந்த பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகள் வளைந்து இயந்திரமே போய்விடக் கூடும். ஆகவே அந்தச் செலவையும் கணக்கில் எடுத்து விலை பேசினோம். 21 ஆயிரத்துக்கு முடிந்தது. அக்கா கொடுத்தது 9 ஆயிரம். அதையும் மாதம் 300 வெள்ளியாகத் திருப்பித் தருவதாகப் பையன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். இன்றுவரை தவறவில்லை.

பளபளத்த கார் ஒளித்தது. மங்கிய கார் உள்ளதைச் சொன்னது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பெற்றோர்களுக்கும் பிள்ளைகளுக்கும்

பெற்றோர்களே, பிள்ளை ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்காதீர்கள். திட்டினால் உங்களுக்குத் தெரியாமல் வாங்குவான். அப்போது யாரும் பின்பெட்டி விரிப்பைத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள். கூடவே போங்கள். உங்கள் கைக்கும் கண்ணுக்கும் தெரிந்தது உங்களுக்கே தெரியாது!

பிள்ளைகளே, பார்த்த அன்றே முன்பணம் கொடுக்காதீர்கள். ஓர் இரவு தூங்கி எழுந்து யோசியுங்கள். "நாளைக்கு வேறு ஆள் வாங்கிவிடுவார்" என்றால், வாங்கட்டும். விபத்து விவரத்தையும் விற்பவர் சொன்ன உறுதியையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். கடையில் வாங்கிய கார் சொன்னபடி இல்லாவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். 50 ஆயிரம் வெள்ளி வரையுள்ள வழக்குகளை விசாரிக்கிறார்கள், கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் வாய்ப்பேச்சை அங்கே கொண்டுபோய்க் காட்ட முடியாது, எழுத்து வேண்டும். தனி ஆளிடம் வாங்கும்போது அந்தத் தீர்ப்பாயமும் இல்லை என்பதால் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

துணியில் சுற்றிய ஒரு காந்தம், ஒரு நாடா, ஒரு கைவிளக்கு, கொஞ்சம் பொறுமை. இவற்றோடு நல்ல வெளிச்சத்தில் போனால் போதும். மாட்டுக்குப் பல் பார்த்த பரம்பரை நாம். காருக்கும் எலும்பு பார்த்து வாங்குவோம்!